எரிவாயு உருளையும் இல்லத்தின் பாதுகாப்பும்

புகையடுப்பின் முன் கண்ணீர் வடித்த காலம் நம் இல்லங்கள் பலவற்றில் மறைந்துவிட்டது. 14.2 கிலோ எரிவாயு கொண்ட சிலிண்டர் அடுக்களையில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் வசதி பெருகியபோது எச்சரிக்கை குறைந்துவிட்டதோ என ஐயுறுகிறோம். மாடிப்படியின் கீழ் இருண்ட மூலையிலும், காற்றுப் புகாத அலமாரியிலும், மண்ணெண்ணெய்ப் பாத்திரத்தின் அருகிலும் அதனை வைத்திருக்கும் வீடுகள் எத்தனை!

இந்த வாயுவின் இயல்பை முதலில் அறிவோம். புரொப்பேன், பியூட்டேன் என்னும் வாயுக்களை அழுத்தித் திரவமாக்கி உருளையில் அடைக்கிறார்கள். இயற்கையில் இதற்கு மணமில்லை. கசிவை நாம் உணரவேண்டுமென்றே மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். புகை மேலே எழும். இதுவோ காற்றினும் கனமானதாகையால், நீரைப்போல் தரையில் படர்ந்து பள்ளத்தை நாடும். காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கு கலந்தாலே, தீப்பற்ற ஒரு பொறி போதும்.

இதனை உணர்ந்தால் விதிகள் தாமே விளங்கும். தரைமட்டத்துக்குக் கீழான அறையில் உருளையை வைக்கலாகாது. அலமாரிக்குள் வைப்பதாயின், அடிப்பகுதியில் காற்றோட்டத் துளைகள் வேண்டும். அடுப்பு எப்போதும் உருளையைவிட உயரத்தில் இருக்கட்டும். வெயிலும் வெப்பமும், எளிதில் பற்றும் பொருள்களும் அதனை அணுகாதிருக்கட்டும்.

உருளை நிமிர்ந்தே நிற்க வேண்டும். வாயு தீரும் தறுவாயில் அதைப் படுக்க வைப்பதும், வெந்நீரில் நிறுத்துவதும் சிலருடைய வழக்கம். இது பெருந்தவறு. படுத்த உருளையிலிருந்து வாயுவுக்குப் பதில் திரவமே வெளிவரக்கூடும்; ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும்.

மாற்று உருளையின் வாயில் பாதுகாப்பு மூடி இருத்தல் அவசியம். உருளையைப் பெறும்போது கழுத்துப் பட்டையில் எழுதிய குறியையும் பாருங்கள். ஏ என்பது மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அடுத்து வருவது ஆண்டு. 'பி 29' எனில், 2029 ஜூன் மாதத்துக்குள் அது மறு பரிசோதனைக்குச் செல்லவேண்டும். தவணை கடந்ததை ஏற்காதீர்கள். ரப்பர்க் குழாயை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் மாற்றுங்கள். வெடிப்பு கண்டால் உடனே மாற்றுங்கள்.

நள்ளிரவில் நாற்றம் உணரப்படின் என் செய்வது? விழித்தவரின் கை முதலில் விளக்கின் சுவிட்சையே நாடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது! சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்; மின்விசிறியும் கூடாது. குடும்பச் செபத்துக்கு ஏற்றிய மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தால் அதை அணைத்துவிடுங்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளியேறுங்கள். வெளியே சென்றபின் 1906 என்னும் அவசரத் தொலைபேசி எண்ணை அழையுங்கள்; அது இரவும் பகலும் இயங்குவது.

இவற்றைச் சமைப்பவர் மட்டும் அறிந்தால் போதாது. முதலில் விழிப்பவர் பாட்டியாகவோ பள்ளிச் சிறுவனாகவோ இருக்கலாம். ஆகவே இன்றிரவு உணவு முடிந்ததும் வீட்டார் அனைவரையும் அடுக்களைக்கு அழையுங்கள். ரெகுலேட்டரை மூடும் விதத்தை ஒவ்வொருவருக்கும் செய்து காட்டுங்கள். அடுப்பை அணைப்பதோடு நில்லாமல், ரெகுலேட்டரையும் மூடியபின்பே உறங்கச் செல்லுங்கள்.