நேசரி ஆசிரியைக்கு முதுமாணிப் பட்டம் எதற்கு?

"மாஸ்டர்ஸ் செய்றீங்களாமே மகள், என்ன பாடம்?" கலியாண வீடொன்றில் ஒரு மாமி கேட்டார். முன்பிள்ளைப் பருவக் கல்வி என்றேன். சற்று யோசித்தவர், "நேசரிப் புள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்க அவ்வளவு படிக்கணுமா?" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அவருக்கு அது விளங்கவில்லை. எமது சமூகத்தில் பலருக்கும் இதே கேள்வி இருக்கிறது. ஏ.எல். மாணவனுக்குப் படிப்பிப்பவர் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. மூன்று வயதுப் பிள்ளையைப் பொறுப்பேற்பவருக்கு மட்டும் அன்பும் பொறுமையும் போதும் என்கிறோம். கிழக்கில் ஒரு கரையோர ஊரில் பல வருடங்களாக நேசரி நடத்தி வரும் நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நான் விட்ட பிழை

என் வகுப்பில் நான்கு வயது மகன் ஒருவர் இருந்தார். கூப்பிட்டால் திரும்பமாட்டார். கதை சொல்லும்போது எழுந்து போய்விடுவார். பேச்சும் குறைவு. "சரியான பிடிவாதம், வீட்டில் செல்லம் கூடிவிட்டது" என்று உம்மாவிடம் சொன்னேன். மற்றப் பிள்ளைகளைக் குழப்புகிறார் என்று கடைசி வரிசையில் இருத்தினேன். இரண்டு வருடங்கள் அப்படியே கழிந்தன.

பிறகு நான் டிப்ளோமா படிப்பில் சேர்ந்தேன். அதில் ஒரு பயிற்சி: ஒரு பிள்ளையை அரை மணித்தியாலம் அவதானித்து, உங்கள் அபிப்பிராயத்தைச் சேர்க்காமல், கண்டதை மட்டும் எழுத வேண்டும். "பிடிவாதம்" என்று எழுதக் கூடாது. "பின்னால் நின்று மூன்று தடவை கூப்பிட்டேன், திரும்பவில்லை; முகத்தைப் பார்த்தபோது பதில் சொன்னார்" என்று எழுத வேண்டும். வேறொரு பிள்ளையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது அந்த மகனின் ஞாபகம் வந்தது. பேனையைக் கீழே வைத்துவிட்டேன்.

அவருடைய வீட்டுக்குப் போனேன். அப்போது அவர் பாடசாலையில் இரண்டாம் ஆண்டு. முதலாம் ஆண்டு ஆசிரியைதான் சந்தேகப்பட்டு வைத்தியசாலைக்கு அனுப்பியிருக்கிறார். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. காதில் கருவி போட்டிருந்தார். உம்மா கோபப்படவில்லை. "டீச்சர், உங்களுக்கு அது தெரியல்லயா?" என்று மட்டும் கேட்டார். மொழி வேகமாக வளரும் வயதில் இரண்டு வருடங்களை அந்தப் பிள்ளை இழந்திருந்தார். எனக்கு அன்பும் இருந்தது, பொறுமையும் இருந்தது. பார்க்கத் தெரிந்திருக்கவில்லை.

முதுமாணியில் என்ன படிக்கிறோம்?

டிப்ளோமா என் வகுப்பைத் திருத்த உதவியது. அதன்பின் கல்விமாணிப் பட்டத்தை முடித்தேன். ஆனால் வேறொரு கேள்வி மனதில் நின்றது. எங்கள் ஊரின் மற்ற நேசரிகளில் இப்படி எத்தனை பிள்ளைகள் கடைசி வரிசையில் இருக்கிறார்கள்? பிறந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சுகாதார அபிவிருத்திப் பதிவேடு தருகிறார்கள். நாங்கள் கிளினிக் கொப்பி என்று சொல்வது அதைத்தான். பிள்ளையின் வளர்ச்சி, பார்வை, கேள்வி பற்றிய விபரங்கள் அதில் உண்டு. நேசரியில் சேர்க்கும்போது அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் ஆசிரியைகள் எத்தனை பேர்? நானே கேட்டதில்லை. இந்தக் கேள்விதான் இன்று எனது ஆய்வேட்டின் தலைப்பு.

பாட்டும் படம் கீறுதலும் முதுமாணியின் பாடங்கள் அல்ல. பிள்ளையின் மொழி, சிந்தனை, உணர்வு எப்படி வளர்கின்றன, விசேட தேவையுள்ள பிள்ளையை எப்படி இனங்காண்பது, பாடத்திட்டத்தை எப்படி மதிப்பிடுவது, ஆய்வை எப்படிச் செய்வது என்பவற்றைப் படிக்கிறோம். மற்ற ஆசிரியைகளை எப்படிப் பயிற்றுவிப்பது என்பதும் அதில் அடங்கும்.

விளையாட்டு அதில் முக்கியமான பகுதி. பெற்றோர் பலர் நான்கு வயதில் மூன்று மொழியிலும் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். "நேசரியில் சும்மா விளையாட விடுகிறார்கள்" என்பது நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. இது மேற்கிலிருந்து வந்த புதுக் கதை அல்ல. இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில், படிப்பு முடிந்ததும் பிள்ளையை விளையாட விட வேண்டும், விளையாட்டைத் தடுத்து எந்நேரமும் படிக்க நிர்ப்பந்தித்தால் உள்ளம் செத்துவிடும் என்ற கருத்தை எழுதியிருக்கிறார். இப்னு கல்தூன் தனது முகத்திமாவில், மாணவர்கள் மீது, குறிப்பாகச் சிறு பிள்ளைகள் மீது, கடுமை காட்டுவது அவர்களைக் கெடுத்துவிடும் என்பதற்குத் தனி அத்தியாயமே வைத்திருக்கிறார். எங்கள் அறிஞர்கள் சிறு பிள்ளையின் கல்வியை ஆராயத் தக்க விடயமாகவே கருதினார்கள்.

படித்த ஆசிரியையால் பயன் உண்டா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962 இல் ஆரம்பித்த பெரி முன்பள்ளி ஆய்வு இதற்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம். வறிய கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகளை இரு பிரிவாக்கினார்கள். 58 பேர் முன்பள்ளிக்குப் போனார்கள், 65 பேர் போகவில்லை. 40 வயதுவரை அவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். முன்பள்ளிக்குப் போனவர்களின் வருமானம் கூடுதலாகவும், கைதாகும் தொகை குறைவாகவும் இருந்தது. அது சிறிய ஆய்வு, வேறொரு நாட்டின் சூழல். அப்படியே இங்கு பொருத்த முடியாது. ஆனால் அங்கே படிப்பித்தவர்கள் பட்டம் பெற்ற, பயிற்றப்பட்ட ஆசிரியைகள் என்பதையும், வாரந்தோறும் வீட்டுக்குப் போய்த் தாய்மாரைச் சந்தித்தார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. கட்டடம் மட்டும் அந்தப் பலனைத் தரவில்லை.

படிக்க விரும்புவோருக்கு

ஏ.எல். முடித்த நேசரி ஆசிரியை நேரடியாக முதுமாணிக்குப் போக முடியாது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 12 மட்டங்கள் உண்டு. ஏ.எல். இரண்டாம் மட்டம், டிப்ளோமா மூன்று, உயர் டிப்ளோமா நான்கு, பட்டம் ஐந்து, சிறப்புப் பட்டம் ஆறு. பட்டப்பின் டிப்ளோமா எட்டாம் மட்டத்திலும், பாடநெறி வழியான முதுமாணி ஒன்பதாம் மட்டத்திலும், ஆய்வோடு கூடிய முதுமாணி பத்தாம் மட்டத்திலும் வருகின்றன. பட்டமே இல்லாமல் சில மாதங்களில் "மாஸ்டர்ஸ்" தருகிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் காசு கட்டாதீர்கள். அந்த நிறுவனத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்துள்ளதா, பாடநெறி எந்த மட்டம் என்று முதலில் விசாரியுங்கள்.

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடத்தில் முன்பிள்ளைப் பருவத்துக்கும் ஆரம்பக் கல்விக்கும் தனித் துறை உண்டு. வீட்டையும் வேலையையும் விடாமல் படிக்க நினைக்கும் பெண்களுக்கு அது வசதி. விண்ணப்பிக்கும் முன் அந்த வருடத்தில் பாடநெறி தமிழ் மொழிமூலம் நடக்கிறதா என்பதை உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள்.

நேரத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒன்பதாம் மட்ட முதுமாணிக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் ஏறக்குறைய 50 மணித்தியாலக் கற்றல். மொத்தம் 1500 மணித்தியாலம். இஷாவுக்குப் பிறகு நாளுக்கு இரண்டு மணித்தியாலம் படித்தாலும் இரண்டு வருடங்கள் ஆகும். இதை வீட்டில் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. என் கணவர் இரவுச் சமையலைப் பொறுப்பெடுக்காவிட்டால் நான் பாதியில் விட்டிருப்பேன்.

சம்பளம் கூடுமா?

இல்லை. முன்பள்ளிகள் மாகாண சபைகளின் கீழ் வருகின்றன. பெரும்பாலானவற்றை நடத்துவது தனியாரும் சங்கங்களும் பள்ளிவாசல்களும்தான். ஆசிரியையின் வருமானம் பெற்றோர் கட்டும் மாதக் கட்டணத்தோடும் சிறிய கொடுப்பனவோடும் நின்றுவிடுகிறது. முதுமாணி முடித்தாலும் நேசரியில் அது மாறாது. பயிற்சி வழங்குநராக, விரிவுரையாளராக வாய்ப்புக் கிடைக்கலாம். அப்படிக் கிடைத்தால் அவர் நேசரியை விட்டுப் போய்விடுவார். படித்தவர் போய்விடுகிறார், பிள்ளைகள் பழைய இடத்திலேயே இருக்கிறார்கள்.

ஆகவே இதைத் தனிப்பட்ட ஆசிரியைகளின் தலையில் மட்டும் போட முடியாது. நேசரி ஆண்டு விழாவுக்கு மேடை, ஒலிபெருக்கி, உடுப்பு என்று நாங்கள் செலவழிப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் நலன்புரி அமைப்புகளும் ஊருக்கு ஓர் ஆசிரியையையாவது தெரிவுசெய்து, பட்டமும் பட்டப்பின் படிப்பும் முடிக்க உதவலாம். பதிலுக்கு அவர் ஊரிலேயே இருந்து மற்ற நேசரி ஆசிரியைகளைப் பயிற்றுவிக்க வேண்டும், அதற்குரிய சம்பளத்தையும் ஊர் கொடுக்க வேண்டும். பெரிய ஊர்களுக்கு இது தாங்க முடியாத செலவல்ல.

பெற்றோர் இன்றே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. நேசரியில் பிள்ளையைச் சேர்க்கும்போது கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் ஆசிரியையிடம் காட்டுங்கள். "என் பிள்ளை எழுதுகிறாரா?" என்று கேட்பதற்கு முன்னால், "கூப்பிட்டால் திரும்புகிறாரா, மற்றப் பிள்ளைகளோடு பேசுகிறாரா?" என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடமோ எம்.ஓ.எச். அலுவலகத்திலோ தாமதிக்காமல் சொல்லுங்கள்.

அந்த மகனை இப்போதும் வழியில் காண்கிறேன். ஸலாம் சொல்லிச் சிரிப்பார். அவருக்கு அந்தக் கடைசி வரிசை ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. அந்த மாமிக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்று கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.