ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு இடம் வேணும்: முனிச்சில் கற்ற பாடம்

வெளிநாட்டு வேலைக்குப் போறோம்னா சீனியர்கள் நிறைய சொல்லித் தருவாங்க. விசாவுக்கு என்னென்ன பேப்பர், வாடகைக்கு வீடு எப்படித் தேடுறது, குக்கரை எந்தப் பெட்டியில் வைக்கிறது, எல்லாம். ஆனா ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்றதுன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க. அதனால நான் சொல்றேன்.

ஒரு அக்டோபர் மாதம் ஜெர்மனியின் முனிச் நகரத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் ஞாயிறு அன்று அரிசி தீர்ந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், தெருவில் ஒரு கடை கூடத் திறக்கவில்லை. ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகளை மூடி வைக்க வேண்டும் என்பது சட்டம். ரயில் நிலையக் கடைகள் மாதிரி சில விதிவிலக்குகள்தான் உண்டு. முனிச் இருக்கும் பவேரியா மாநிலத்தில் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு சூப்பர் மார்க்கெட் மூடினால், அடுத்து திங்கள் காலைதான். தெருமுனை பேக்கரி மட்டும் காலையில் சில மணி நேரம் திறந்திருந்தது. உப்புக்கல் தூவிய ப்ரெட்ஸல் இரண்டு வாங்கி வந்து, அம்மா கொடுத்த பருப்புப் பொடியைத் தொட்டுச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

டிசம்பரில் அங்கே மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். வார நாட்கள் ஆபீஸில் ஓடிவிடும். ஞாயிறுதான் நகரவே நகராது. வீட்டிலிருந்து போன் வந்தா, "சூப்பரா இருக்கும்மா" என்பேன். ஜனவரியில் ராஜினாமா கடிதத்தை டைப் செய்து டிராஃப்டில் போட்டு வைத்தேன்.

இணையத்தில் வரும் 'பார்க்க வேண்டிய 10 இடங்கள்' பட்டியலை அதற்குள் முடித்திருந்தேன். அந்தப் பட்டியல்கள் விருந்தாளிக்கானவை. ஒருமுறை பார்த்தால் முடிந்தது. குடியிருக்கிறவனுக்குத் தேவை, திரும்பத் திரும்பப் போகிற இடம். அதுக்கு மூணு தகுதி போதும்: போக வர சுலபமா இருக்கணும், செலவு அதிகம் ஆகக்கூடாது, தனியா உட்கார்ந்தாலும் யாரும் ஒரு மாதிரி பார்க்கக்கூடாது.

எனக்கு முதலில் கிடைத்தது ஒரு ஓவியக்கூடம். 'ஆல்ட்டே பினகொதேக்' என்று பெயர். ஞாயிறன்று நுழைவுக் கட்டணம் 1 யூரோதான். ஓவியம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வெளியே குளிர், உள்ளே ஹீட்டர், அதான் காரணம். அங்கே ஆல்பிரெக்ட் டியூரர் 1500-ல் தன்னைத் தானே வரைந்த ஓவியம் இருக்கிறது. நேராக நம்மையே பார்க்கிற முகம். நாலு வாரம் தொடர்ந்து போனதில் அந்த ஆள் எனக்குப் பழக்கமாகிவிட்டார்!

அடுத்தது ஒலிம்பிக் பூங்காவில் இருக்கும் குன்று. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த கட்டடங்களின் சிதிலங்களைக் கொட்டி உருவான குன்று அது. இப்போது மேலே புல்லும் மரமும். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே ஆல்ப்ஸ் மலை தெரியும். கீழே, 1972 ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டிய கூரை. எஃகுக் கம்பி வலையின் மேல் கண்ணாடி மாதிரியான அக்ரிலிக் தகடுகள். மொத்தக் கூரையும் இழுவிசையில் நிற்கிறது. இதில் பங்காற்றிய ஃப்ரை ஓட்டோ, இப்படிப்பட்ட கூரைகளின் வடிவத்தை சோப்புப் படலங்களை வைத்து ஆராய்ந்தவர். சிவில் மக்களே, நாம தியரியா படிச்சதை அங்கே நிமிர்ந்து பார்க்கலாம்.

கோடை வந்ததும் ஈசார் நதி. 19-ம் நூற்றாண்டிலிருந்து கரை கட்டி நேராக்கப்பட்ட நதி இது. 2000 முதல் 2011 வரை, நகருக்குள் சுமார் 8 கிலோமீட்டர் தூரத்துக்கு அந்தக் கரைகளை உடைத்து, கூழாங்கல் திட்டுகளோடு மறுபடி இயல்பாக ஓட விட்டார்கள். வெள்ளத் தடுப்பும் அந்தத் திட்டத்தின் ஒரு நோக்கம். ஃப்ளவுஹர் என்ற பகுதியில் தண்ணீரில் காலை விட்டபடி புத்தகம் படிக்கலாம். நம்ம ஊர் ஆறுகள் ஞாபகம் வரும், கொஞ்சம் வலிக்கும்.

கடைசியாக, பியர் கார்டன். பெயரைப் பார்த்து பயப்படாதீங்க. ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்த 'ஆப்ஃபெல்ஷோர்லே' போதும். அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு: பானத்தை அங்கே வாங்கணும், சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டு போகலாம். 1812-ல் பவேரிய அரசர், மதுவடிப்பவர்கள் தங்கள் தோட்டங்களில் பியர் விற்கலாம், உணவு விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டதன் தொடர்ச்சி அது. விரிப்பு போடாத மேஜையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறங்க. நீள பெஞ்ச் என்பதால் முன்பின் தெரியாதவர்களும் பக்கத்தில் உட்காருவார்கள். என் லெமன் சாதத்தைப் பார்த்து, "இது என்ன?" என்று ஒரு தாத்தா கேட்டார். அலுவலகத்துக்கு வெளியே நான் ஒருவரோடு அரை மணி நேரம் பேசியது அன்றுதான் முதல் முறை.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சேன்? கூட வேலை பார்க்கிறவர்களிடம் "எங்கே போகலாம்?" என்று கேட்டால் சுற்றுலாப் பட்டியலைத்தான் சொல்வார்கள். "போன ஞாயிறு நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள், நிஜமான பதில் வரும். ஓய்வு இருக்கும் நாளில் டிராமில் ஏறி கடைசி நிறுத்தம் வரை போய், பாதி தூரம் நடந்து திரும்புங்கள். பிடித்த இடத்துக்கு ஒரே நேரத்தில், குறைந்தது மூன்று முறை போங்கள். முதல் தடவை இடம் தெரியும், மூன்றாம் தடவைதான் ஆட்கள் தெரிவார்கள். பவேரியாவில் "க்ரூஸ் கொட்" என்று வணக்கம் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

ஜூனில் ஒரு ஞாயிறு, அதே தெருமுனை பேக்கரி. நான் வாயைத் திறக்கும் முன்பே அந்த அம்மா இரண்டு ப்ரெட்ஸலை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, "வேற ஏதாவது?" என்றார். அன்று வீட்டுக்குப் போய் டிராஃப்டில் இருந்த கடிதத்தை அழித்தேன். அம்மாவுக்குப் போன் செய்து ஜனவரியில் எப்படி இருந்தேன் என்பதையும் சொன்னேன்.

நீங்க போகிற ஊர் முனிச்சாக இல்லாமல் இருக்கலாம். முதல் மாதமே உங்க ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு இடம் தேடிடுங்க. அரிசியை மட்டும் சனிக்கிழமையே வாங்கி வைச்சிடுங்க.