ஸ்பானிய மொழியில் நலமா?

ஆங்கிலத்தில் நாம் அன்றாடம் சொல்லும் 'குட் மார்னிங்', 'ஹௌ ஆர் யூ' போன்றவற்றை ஸ்பானிய மொழியில் பெயர்ப்பது எளிது என்றே தோன்றும். அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் அடுக்கினால் போதாதா? போதாது. யாரிடம், எப்பொழுது பேசுகிறோம் என்பதை முதலில் அறிய வேண்டும்.

காலையில் ஸ்பானிய மொழியினர் 'புவேனோஸ் தியாஸ்' என்பர். 'நல்ல நாட்கள்' என்பது இதன் நேர்ப்பொருள். பிற்பகலில் 'புவேனாஸ் தார்தேஸ்', இருட்டிய பின் 'புவேனாஸ் நோச்சேஸ்'. ஆங்கிலத்தில் மாலையில் சந்திக்கும்போது 'குட் ஈவினிங்', இரவு பிரியும்போது 'குட் நைட்'. 'புவேனாஸ் நோச்சேஸ்' என்பதோ இரவில் சந்திக்கவும் பிரியவும் பொதுவானது. 'புவேனோஸ்' ஏன் 'புவேனாஸ்' ஆயிற்று? அம்மொழியில் எல்லாப் பெயர்ச் சொற்களுக்கும் பால் உண்டு. நாள் ஆண்பால், பிற்பகலும் இரவும் பெண்பால்.

அடுத்தது நலம் விசாரித்தல். ஆங்கிலத்தில் ஆசிரியைக்கும் 'யூ', தங்கைக்கும் 'யூ'. ஸ்பானிய மொழியிலோ, நம் தமிழைப் போலவே, வேறுபாடு உண்டு. தோழியிடம் 'கோமோ எஸ்தாஸ்?', பெரியவரிடம் 'கோமோ எஸ்தா உஸ்தெத்?'. 'உஸ்தெத்' என்பது 'தங்கள் அருள்' எனப் பொருள்படும் பழைய மரியாதைத் தொடரின் சுருக்கம். ஆனால் வழக்கம் நாட்டுக்கு நாடு மாறும். கொலம்பியாவின் சில பகுதிகளில் குடும்பத்தினருக்குள்ளேயே 'உஸ்தெத்' என்று பேசுவர். அர்ஜென்டினாவில் நண்பரை 'வோஸ்' என்பர்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. 'இரு' என்பதற்கு அம்மொழியில் இரண்டு வினைகள். 'எஸ்தா' என்றால் இப்போதைய நிலை. 'எஸ்' என்றால் இயல்பு. 'கோமோ எஸ் உஸ்தெத்?' என்று கேட்டால், 'நீங்கள் எப்படிப்பட்டவர்?' என்று பொருளாகிவிடும். நலம் கேட்கப் போய் குணம் கேட்டதாக முடியும்!

புதியவரை அறிமுகம் செய்துகொள்ளும்போது 'மூச்சோ குஸ்தோ', அதாவது 'மிக்க மகிழ்ச்சி' என்பர். இதையே பெண் 'என்கந்தாதா' என்றும், ஆண் 'என்கந்தாதோ' என்றும் சொல்வதுண்டு. எதிரில் நிற்பவர் யாராயினும், சொல்பவரின் பாலே கணக்கு.

விடைபெறும்போது சொல்லும் 'ஆதியோஸ்' என்பதற்குள் 'கடவுளிடம்' என்ற பொருள் இருக்கிறது. ஆங்கில 'குட்பை'யும் 'கடவுள் உம்மோடு இருப்பாராக' என்ற வாழ்த்தின் சுருக்கமே. இரு மொழியினரும் பிரியும்போது இறைவனிடமே ஒப்படைத்தனர். நாளையே மீண்டும் காண்போம் என்றால் 'ஆஸ்தா மன்யானா', அதாவது 'நாளை வரை' என்பர். 'போய் வருகிறேன்' என்னும் நம் வழக்கிலும் இதே நம்பிக்கைதானே உள்ளது!

சொற்களை அகராதி தரும். எதிரில் நிற்பவர் மூத்தவரா, தோழியா, புதியவரா என்பதை அகராதி சொல்லாது. அதை நாமே அறிந்து, அவருக்கு உரிய சொல்லைச் சொல்லும்போதுதான் முகமன் உண்மையில் மொழிபெயர்க்கப்படுகிறது. ஆகவே தோழியரே, பிறமொழி கற்கும்போது சொல்லோடு அம்மக்களின் பண்பையும் சேர்த்துக் கற்போமாக!