உள்ளே... வெளியே... மிளகாய் பஜ்ஜி!

ஜூன் பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் காற்று ஆளையே தள்ளும். குமுளி மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் மழை கொட்டோ கொட்டென்று கொட்ட, இந்தப் பக்கம் நமக்குச் சாரல்தான் மிச்சம். அந்தச் சாரலில் ஆபீஸ் விட்டு வருகிறவனை வீட்டுக்குப் போகவிடாமல் தடுக்கும் சக்தி ஒன்றே ஒன்றுக்குத்தான் உண்டு. தேனியோ, போடியோ, சின்னமனூரோ... டீக்கடை வாசலில் எண்ணெய்ச் சட்டியில் மிதக்கிற மிளகாய் பஜ்ஜி!

சாப்பிடுங்கள், வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால் சட்டியில் இருக்கும் எண்ணெயின் நிறத்தையும் ஒரு பார்வை பாருங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சுகிற எண்ணெயில் சேரும் கெட்ட சமாசாரத்துக்கு போலார் காம்பவுண்ட் என்று பெயர். அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் எதையும் பொரிக்கக் கூடாது. 2018 ஜூலையிலிருந்து நாடு முழுக்க இதுதான் விதி. மீட்டர் வைத்து அளக்க டீ மாஸ்டருக்கு ஏது நேரம்? டிகாஷன் கலரில் இருந்தால் அன்றைக்கு டீயோடு நிறுத்திக் கொள்வது உத்தமம்.

வீட்டிலேயே போடலாமே! இப்படிச் சொன்னதும் நம்ம ஆள் என்ன செய்வான்? "இன்னைக்கு பஜ்ஜி போடேன்" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு டி.வி. முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து விடுவான். இங்கேதான் எனக்கு ஆட்சேபணை. பி.காம். புத்தி, கணக்குப் போட்டுப் பார்க்கிறது. வீட்டில் நாலு பேர், ஆளுக்கு மூணு, ஆகப் பன்னிரண்டு. சட்டியில் ஒரு தடவைக்கு மூணுதான் வேகும். நாலு ஈடு போட்டு முடிக்கிறவரைக்கும் அடுப்படியில் நிற்கிறவர் ஒருத்தர். அவர் கடைசியில் உட்காரும்போது தட்டில் இருப்பது ஆறிப் போன பஜ்ஜி. ஆறின பஜ்ஜி, பஜ்ஜியா சார்? ஈரத்துணி! அம்மாவோ மனைவியோ, அவர்கள் சுடச்சுட ஒரு பஜ்ஜி சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆச்சு என்று கேட்டுப் பாருங்கள். கேட்ட கையோடு கரண்டியை வாங்கிக் கொள்ளுங்கள்.

வாங்கியதுதான் வாங்கினோம், சும்மா முக்கிப் போடாமல் உள்ளே பூரணம் வைத்த பஜ்ஜியாகவே போடுவோம். ஜோத்பூரில் உருளைக்கிழங்கை அடைக்கிறார்கள். ஆந்திராக்காரர்கள் புளியும் ஓமமும் வைப்பார்கள். அமெரிக்காவில் சீஸ். நம்ம பள்ளத்தாக்கில்தான் தென்னந்தோப்புக்குப் பஞ்சமில்லையே, தேங்காய் இருக்க சீஸ் எதற்கு?

உழவர் சந்தையில் நீளமான, வளையாத பஜ்ஜி மிளகாயாகப் பார்த்துப் பன்னிரண்டு எடுங்கள். வளைந்து நெளிந்ததில் பூரணம் நிற்காது. கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். எண்ணெயில் தண்ணீர் சொட்டினால் தெறிப்பது உங்கள் முகத்தில்தான். காம்பை விட்டுவிட்டு, ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் கீறுங்கள். கீறாமல் போட்டால் உள்ளே ஆவி அடைத்து வெடிக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். காரம் விதையில் இருப்பதாகத்தான் பாதிப்பேர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். கிடையாது. விதை ஒட்டிக் கொண்டிருக்கிறதே, வெள்ளை நரம்பு மாதிரி, அங்கேதான் காரத்தின் குடியிருப்பு. விதைக்கு ஒட்டுண்ணிக் காரம்தான். ஸ்பூன் காம்பால் அந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்தால் குழந்தைக்கும் கொடுக்கலாம். பாதி விட்டால் மச்சானுக்கு. அப்படியே விட்டால்... வட்டி கேட்டு வருகிறவருக்கு!

உண்மையில் காரம் ஒரு ருசியே இல்லை, நாக்கு ஏமாறுவது. 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் 'சுடுது' என்று மூளைக்கு அலறுகிற ஒரு வாசல் நம் நரம்பில் இருக்கிறது. மிளகாயிலுள்ள காப்சைசின் அதே வாசலைத் தட்டுகிறது. 1997-ல் இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பறவைகளிடம் இந்தத் தட்டல் பலிக்காது. ஜோசியக் கிளி மிளகாய்ப் பழத்தை அல்வா மாதிரி தின்பது அதனால்தான்.

சுரண்டுமுன் கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக் கொள்ளுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவுங்கள். அதுவரை கண்ணைத் தொடாதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிற பார்ட்டிகளுக்கு இது டபுள் எச்சரிக்கை. வாய் எரிந்தால் தண்ணீர் குடித்துப் புண்ணியமில்லை. காப்சைசின் தண்ணீரில் கரையாது. ஒரு வாய் பாலோ தயிரோ போதும்.

பூரணத்துக்கு: வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை ஒரு கைப்பிடி, துருவிய தேங்காய் ரெண்டு ஸ்பூன், பூண்டு நாலு பல், நெல்லிக்காய் அளவு புளி, துளி வெல்லம், உப்பு. கெட்டியாக அரையுங்கள். அதிகம் திணித்தால் வாய் பிளந்து எண்ணெயில் கொட்டும். மாவுக்கு ஒன்றரை டம்ளர் கடலை மாவு, கால் டம்ளர் அரிசி மாவு, ஓமம், பெருங்காயம், உப்பு. சோடா மாவு வேண்டாம், எண்ணெய் குடிக்கும். ஸ்பூனை முக்கி எடுத்தால் மாவு அதன் முதுகில் போர்வை மாதிரி ஒட்ட வேண்டும், அதுதான் பதம். ஒரு சொட்டு மாவை எண்ணெயில் விட்டால் உடனே மேலே வர வேண்டும். வந்ததும் தீயை மிதமாக்கி மூணு மூணாகப் போடுங்கள்.

வேகிற நேரத்தில் ஒரு சேதி. மிளகாய் நம்ம ஊர்ச் சரக்கே இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் கப்பலேறி வந்தது. அதற்கு முன்னால் நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். கொலம்பஸ் தேடிப் புறப்பட்டதும் அந்த மிளகைத்தான், கிடைத்தது இது. வெள்ளைக்காரன் இதையும் 'பெப்பர்' என்றே கூப்பிட்டான். நாமும் மிளகோடு ஒரு காயைச் சேர்த்து மிளகாய் ஆக்கிவிட்டோம். அசல் மிளகு இன்றைக்கும் குமுளி மலையில் மரத்தைச் சுற்றி ஏறிக் கொண்டிருக்கிறது. பின்னால் வந்தவன் கீழே டீக்கடையில் ராஜா!

பொன்னிறம் வந்ததும் எடுத்து, கீறி, பொடியாக நறுக்கின வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் மேலே போட்டு, முதல் தட்டை அடுப்படிக்கு வெளியே உட்கார்ந்திருப்பவருக்குக் கொடுங்கள்.

பூரணம் மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் சூடான சாதத்தில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து டிபன் பாக்ஸில் எடுத்துப் போகலாம். பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்ப்பார். "வெளியில வாங்கினது" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு வந்து நிற்பார், நீங்கள் இன்னும் எட்டு ஈடு போட வேண்டியிருக்கும்.