யார் பெயரில் லாகின்?

கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டி ஏற வேண்டுமானால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். பாஸ் யார் பெயரில் இருக்கிறதோ, ஏதாவது பிரச்சினை என்றால் முதலில் அவரைத்தான் கேட்பார்கள். கல்லூரி வைஃபைக்குக் கொடுக்கிற லாகினும் அப்படித்தான். ஆனால் அட்மிஷன் அன்று நீட்டப்படும் காகிதக் கட்டில் கணினிப் பயன்பாட்டு விதிகளும் ஒரு தாளாக இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் குறைவு.

மலையில் இந்த லாகின் சின்ன விஷயம் இல்லை. சிக்னல் எட்டாத ஊர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறவர்களுக்குக் கல்லூரி வைஃபையும் கணினி லேபும்தான் இணையம். கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமே இருக்கிறது. ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், தேர்வுக் கட்டணம், ஹால் டிக்கெட் எல்லாம் திரையில்தான்.

கல்லூரியில் ஐந்நூறு பேர் இணையத்தில் இருந்தாலும் வெளியே தெரிவது பெரும்பாலும் கல்லூரியின் ஐபி முகவரி மட்டும்தான். அங்கிருந்து யாரோ போலிக் கணக்கு தொடங்கி ஒருவரை மிரட்டினால், அந்த நேரத்தில் எந்த லாகின் இயங்கியது என்று போலீஸ் கல்லூரியைக் கேட்கும். பாஸ்வேர்டைத் தோழிக்குக் கொடுத்திருந்தால், பதிவேட்டில் வருவது உங்கள் பெயர். அது மட்டுமே குற்றத்தை நிரூபித்துவிடாதுதான். ஆனாலும் விசாரணை உங்களிடமிருந்து தொடங்கும். பிரவுசிங் சென்டரில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்துவிட்டு லாக் அவுட் செய்யாமல் எழுந்து வருவதும் இதே ரகம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 இதில் கண்டிப்பானது. பிறர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் 66-சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படமெடுத்தாலோ பரப்பினாலோ 66-இ. அபராதம் இரண்டு லட்சம் வரை போகும். 'சும்மா ஃபார்வர்டு பண்ணினேன்' என்பது அங்கே பதிலாகாது. புண்படுத்தும் பதிவுகளைத் தண்டித்த 66-ஏ பிரிவு வேறு கதை. உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே அதைச் செல்லாததாக்கிவிட்டது. விதித்தாளில் இன்னும் அந்த எண் இருந்தால், எழுதியவர் பழைய தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

சரி, கல்லூரிக்கு எல்லை இல்லையா? இருக்கிறது. கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூரில் ஒரு கல்லூரியின் மகளிர் விடுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை செல்போன் கூடாது என்று விதி இருந்தது. பிறகு மாலை ஆறு முதல் இரவு பத்து வரை என்று மாற்றினார்கள்; படிக்கிற நேரமே அதுதான். உடன்படாத மாணவி விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் 2019 செப்டம்பர் 19 அன்று கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டி வாதாடலாம். என்னைக் கேட்டால், பெண்கள் விடுதிக்கு மட்டும் போன் பூட்டுப் போடுவது ஒழுக்க விதி அல்ல, நம்பிக்கையின்மை.

லேப் கணினி கல்லூரியின் சொத்து. அதில் நடப்பதைக் கண்காணிக்கலாம், சில தளங்களைத் தடுக்கலாம். உங்கள் செல்போன் அப்படி இல்லை. தேர்வு அறைக்கு வெளியே வாங்கி வைப்பது நியாயம். லாக்கைத் திறக்கச் சொல்லி கேலரியைத் துழாவுவது நியாயமில்லை. உரிமையாளர் அனுமதியின்றிக் கருவிக்குள் நுழைந்து தகவலை எடுப்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு தவறு என்கிறது. வார்டனுக்கு விலக்கு என்று அதில் எங்கும் இல்லை. நஷ்டம் ஏற்பட்டால் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் இழப்பீடு கேட்கலாம். கோரிக்கை ஐந்து கோடி ரூபாய்க்குள் இருந்தால் விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. இந்த வழி வக்கீல்கள் சிலருக்கே நினைவுக்கு வருவதில்லை.

பணம் பறிபோனால் கூச்சப்பட்டு நாளைக் கடத்தாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேச வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு. ஆபாசப் படம் காட்டி மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடியும் கேட்பான். உரையாடலையும் அழிக்கக் கூடாது. வெட்கத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போனால் போலீஸ் கையில் கொடுக்க எதுவும் மிஞ்சாது. கணக்கின் முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் போனையே பத்திரமாக வையுங்கள். மிரட்டுபவர் அதே கல்லூரிக்காரராக இருந்தால், உள் புகார்க் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். கல்லூரியின் விதியோ நடவடிக்கையோ அநியாயம் என்றால் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. யுஜிசியின் 2023 விதிமுறைப்படி அது 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் ஆம்பட்ஸ்பர்சன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

'சைபர் கிரைம் என்றால் திண்டுக்கல்லுக்குப் போங்கள்' என்று உள்ளூர் ஸ்டேஷனில் சொன்னால் உடனே பஸ் ஏற வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, இத்தகைய குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம். பதிவு செய்த முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகவே தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.