முயலுக்குக் கொம்பு முளைத்தால்...

உலகில் இல்லாத பொருளை 'முயற்கொம்பு' என்று சொல்வது நம் வழக்கு. ஆனால் அமெரிக்காவின் அயோவா, கான்சாஸ் மாநிலங்களில், தலையிலும் முகத்திலும் கரிய கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும் காட்டு முயல்களை வேட்டைக்காரர்கள் கண்டதுண்டு. அவை மெய்யான கொம்புகளா?

அல்ல. மாட்டின் கொம்புக்குள் எலும்பு இருக்கும். இதில் எலும்பு கிடையாது. தோலின் மேலடுக்கு அளவுமீறிப் பெருகித் தடித்த மரு இது. நம் நகத்திலும் மயிரிலும் உள்ள கெராட்டின் என்னும் புரதமே இதில் இறுகியிருக்கிறது.

மரு ஏன் தோன்றுகிறது? பிரின்ஸ்டனிலிருந்த ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஷோப் இதை ஆராய்ந்தார். மருவை அரைத்துக் கரைத்து, பாக்டீரியாவும் புக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்தார். வடிந்த நீரை நல்ல முயல்களின் தோலைக் கீறித் தடவினார். அங்கும் மருக்கள் முளைத்தன! ஆகவே நோய்க்காரணி பாக்டீரியாவைவிடச் சிறியது. அது ஒரு வைரஸ். 1933இல் இம்முடிவை அவர் வெளியிட்டார். இந்த வைரஸ்கள் சுமார் 18,000ஐ வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும்.

கொசு, உண்ணி போன்ற கடிக்கும் உயிர்கள் இதைப் பரப்புகின்றன. பல முயல்களில் மரு தானே உதிர்ந்துவிடும். வாயருகே வளர்ந்தால் முயல் தின்ன முடியாமல் மெலிந்து சாகக்கூடும். 2025இல் கொலராடோ மாநிலத்தில் இத்தகைய முயல்களின் படங்களைக் கண்டு பலர் அஞ்சினர். அச்சம் தேவையில்லை, இந்த வைரஸ் மனிதரைத் தொற்றுவதில்லை.

இனிமேல்தான் முக்கியமான செய்தி. கோழியின் புற்றுநோய் ஒன்று வைரஸால் பரவுகிறது என்று பெய்டன் ரௌஸ் 1911இலேயே காட்டியிருந்தார். "அது பறவைகளின் விஷயம்" என்று பலர் ஒதுக்கிவிட்டனர். ஷோப் கண்டறிந்த வைரஸை ரௌஸ் வாங்கி, வீட்டு முயல்களில் சோதித்தார். நாளடைவில் மருக்கள் புற்றுநோயாக மாறின. முயல் நம்மைப் போன்ற பாலூட்டி ஆயிற்றே! இனி எப்படி ஒதுக்க முடியும்? 1966இல் ரௌஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மனிதருக்கு மரு உண்டாக்கும் வைரஸ்களும் இதே குடும்பத்தவை. அவற்றுள் சில, பெண்களின் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்பதை 1980களில் ஹரால்டு சூர் ஹௌசன் நிறுவினார். அவருக்கு 2008இல் நோபல் பரிசு. இதற்கிடையே, வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் செலுத்தினால் முயலுக்கு மரு வராது என்பதும் 1990களில் தெரிந்தது. உறைக்குள் மரபுப் பொருள் இல்லாததால் நோய் உண்டாகாது. ஆனால் உடல் எதிரியை அடையாளம் கண்டுகொள்ளும். இதே முறையில் அமைந்த மனிதர்க்கான தடுப்பூசி 2006 முதல் பயன்பாட்டில் உள்ளது.

9 முதல் 14 வயதுவரையுள்ள சிறுமியருக்கு இதைப் போட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உங்கள் வீட்டில் அந்த வயதில் தங்கையோ மகளோ இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். தொற்று வருமுன் போட்டால்தான் பயன் முழுமையாகக் கிட்டும்.