பெட்ரோலும் காற்றும்

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் பாவூர்சத்திரம். சுற்றூர்களில் விளையும் காய்கறிகள் இங்குள்ள சந்தையில் வந்து குவியும். குற்றாலச் சாரலை நாடுவோரின் ஊர்திகளும் இவ்வழியே விரையும். சாலையோரத்துப் பெட்ரோல் நிலையத்தைக் கடப்போரின் மூக்கில் ஒரு நெடி ஏறும். அது யாது? கண்ணுக்குப் புலனாகாது காற்றிற் கலக்கும் பெட்ரோலின் ஆவியே அது.

பெட்ரோல் தனிப்பொருள் அன்று. ஹைட்ரோகார்பன்கள் பலவற்றின் கலவை. கார்பனும் ஹைட்ரஜனும் கூடிய சேர்மங்களுக்கே ஹைட்ரோகார்பன் என்பது பெயர். இவை முற்றும் எரியின் கரியமில வாயுவும் நீராவியுமாக மாறும். எஞ்சினுள்ளோ எரிதல் முழுமையாக நிகழ்வதில்லை. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் பூண்ட பழைய மொபெட்டில், உட்புகும் பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறிவிடும். காய்கறி மூட்டை சுமந்து சந்தைக்கு வரும் அவ்வண்டியின் பின்னே செல்வோர் இதனை நன்கு அறிவர்.

எரியாத ஹைட்ரோகார்பன்கள், எஞ்சினின் வெம்மையில் தோன்றும் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு கூடி, வெயில் படுங்கால் ஓசோனைத் தோற்றுவிக்கின்றன. வானின் உயரத்தே நம்மைக் காக்கும் ஓசோன், நிலத்தின் அருகே நுரையீரலை வருத்தும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய புகைமூட்டத்தின் காரணம் இதுவே என 1950ஆம் ஆண்டையொட்டி ஹாகன்-ஸ்மிட் என்பார் கண்டறிந்தார். அதற்கு முன் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது அன்னாசிப்பழத்தின் மணத்தை!

எஞ்சினில் தட்டொலி எழாதிருக்கப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலப்பது நெடுங்கால வழக்கமாய் இருந்தது. ஈயமோ சிறாரின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. ஆதலின் 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோலே விற்கலாயிற்று. ஈயம் போயிற்று, அது செய்த வேலையை வேறொன்று செய்யவேண்டுமன்றோ? பென்சீன் முதலிய நறுமண ஹைட்ரோகார்பன்கள் அதற்கு உதவுவன. ‘நறுமணம்’ என்பது பெயரளவே. பென்சீன் இரத்தப் புற்றுநோயை விளைக்கும் நச்சுப்பொருள். எனவே பெட்ரோலில் பென்சீன் நூற்றுக்கு 1 பங்கும், நறுமண ஹைட்ரோகார்பன்கள் மொத்தம் 35 பங்கும் மிகலாகாது என வரையறுத்தனர்.

2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதி, கந்தகத்தின் அளவைக் கிலோகிராமுக்கு 50 மில்லிகிராமிலிருந்து 10 ஆகக் குறைத்தது. கந்தகத்தின்மேல் இத்துணைக் கண்டிப்பு ஏன்? புகைக்குழாயில் உள்ள வினையூக்கிக் கருவி, எரியாது எஞ்சிய ஹைட்ரோகார்பன்களை எரித்து மாற்றுவது. கந்தகம் அதன் ஆற்றலை மழுக்கும். மிகப் பழைய வண்டிகளிலோ அக்கருவியே இல்லை. தூய பெட்ரோலை ஊற்றினும், அவற்றின் எஞ்சின் எரிக்காது விட்டது அப்படியே காற்றிற் கலக்கிறது.